ரோட்டுக்குக் கீழே

டிரைவர் அந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த காலத்தில் தெருவிலிருந்து படியேறித்தான் வாசலுக்குப் போகவேண்டும். இப்போது இறங்கிப் போகவேண்டியிருந்தது. வீடு என்னவோ வைத்த இடத்தில்தான் இருந்தது. ரோடுதான் வளர்ந்துவிட்டது. தேர்தல் நெருங்கினால் போதும், லாரி வந்து ஜல்லியைக் கொட்டும், ஆட்கள் தாரைக் காய்ச்சி ஊற்றுவார்கள், உருளை வண்டி நாலு நடை முன்னும் பின்னும் போய்வரும், தெரு பளபளவென்று ஆகிவிடும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்பது விதி. அந்த விதி நடந்து யாரும் பார்த்ததில்லை. படிகள் ஒவ்வொன்றாகத் தாருக்கு அடியில் போயின. பிறகு வாசற்கல் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடிக்கிற டிரைவருக்குத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும். செருப்பையும் நடையையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். நல்ல உயரம். வண்டியில் இருந்தவரைக்கும் உயரம் மிடுக்காக இருந்தது. வேலையை விட்டு இறங்கியதும் அதே உயரம் மூட்டுகளுக்குப் பாரமாகிவிட்டது. கிளட்ச் மிதித்த இடது முழங்கால் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கும். மனைவி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தே தேய்ந்தவள். தெருவுக்கு அவள் தையலக்கா. தையல் மிஷினில் குனிந்த முதுகு ஒரு கட்டத்துக்குமேல் நிமிர மறுத்துவிட்டது. போதாததற்கு இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து நாலு கால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடை. ஒரே மகள் தொலைதூரத்து ஊரில், போனில் மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

போன மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்து போயிருந்தது. சுவரில் அது நின்ற அடையாளம் பழுப்பாகப் படிந்து, சுண்ணாம்பு உப்புப்பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. கோடை தொடங்கியதும் டிரைவர் கொத்தனாரை அழைத்துவந்து காட்டினார். அந்த வீட்டுக்கு முதல் கல் வைத்த கொத்தனாரேதான். அவருக்கும் இப்போது மூச்சிரைப்பு. தரையைத் தட்டிப் பார்த்தார், சுவரை நகத்தால் சுரண்டினார், உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தரையைத் தூக்கறதைத் தவிர வேற வழி இல்லே, டிரைவர்."

"எவ்வளவு?"

கொத்தனார் எழுந்து நின்று முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். அப்புறம் வாசல் நிலையைப் பார்த்தார். டிரைவரை உச்சியிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் குட்டையாப் பிறந்திருக்கலாம்."

"நிலையையும் சேர்த்து மேலே ஏத்திட்டா?"

"அதுக்கு மேலே இருக்கற பீமை உடைக்கணும். பீமைத் தொட்டா கூரை சும்மா இருக்காது. உள்ளே கம்பி பூரா துரு. நம்ம உடம்பு மாதிரிதான். பேசாம விட்டா இன்னும் கொஞ்ச காலம் ஓடும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா அன்னிக்கே படுத்துடும்."

"அப்ப இனிமே நான் என் வீட்டுக்குள்ளேயே குனிஞ்சுதான் வரணும்."

"ஃபேனையும் கழற்றணும். இல்லேன்னா உங்க தலை அதுலே மாட்டும். சுவர்லே ஒண்ணு மாட்டிக்கலாம்."

உள்ளறையிலிருந்து தையலக்கா குரல் கொடுத்தாள். "நான் ஏற்கெனவே குனிஞ்சுதானே இருக்கேன். எனக்குச் சரியா இருக்கும். நீங்க ஆரம்பிங்க கொத்தனாரே."

கொத்தனார் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "வேலை முடியற வரைக்கும் வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்கணும். எதிர்லே உங்க மச்சினர் மாடி இருக்கே. அங்கே ஒரு மாசம் போட்டுட்டு..."

டிரைவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். கொத்தனாருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். காலி டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

எதிர்வீட்டு மாடியில் இருந்தது தையலக்காவின் தம்பி. கட்சியின் கிளைச் செயலாளராக வெகுகாலம் இருந்ததால் பெயரே செயலாளர் என்று ஆகிவிட்டது. கடைசி ரோடு போட்டு முடித்த அன்று பெரிய தலைவர் ஒருவர் ரிப்பன் வெட்ட வந்தார். செயலாளர்தான் ஏற்பாடு. நாற்காலி, மைக், குளிர்பானம் எல்லாம். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டிரைவர் எழுந்து, பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற அந்தக் குரலில், "ஐயா, நீங்க ரோடு போடலை, எங்க வீட்டை மூடறீங்க!" என்று சொல்லிவிட்டார். சனம் சிரித்தது. தலைவர் முகம் சுருங்கியது. செயலாளர் மைக்கை வாங்கி, "மாமா, குடிச்சிருந்தா வீட்டிலே போய்ப் படுங்க" என்றார்.

டிரைவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஒவ்வொரு காலையும் டெப்போவில் மேஸ்திரியின் மூக்குக்கு நேராக வாயை ஊதிக் காட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பார். அன்றைக்கு அறுந்தது பேச்சு. எதிரும் புதிருமாக இரண்டு வீடு, நடுவில் அந்த ரோடு. செயலாளர் அக்காவைப் பார்க்க வரும்போது டிரைவர் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

ஆகவே தரையைத் தூக்குகிற பேச்சை டிரைவர் அன்றோடு தூக்கிப்போட்டார். அதற்குப் பதில் ஒரு யோசனை கண்டுபிடித்தார். தண்ணீர் வாசல் வழியாகத்தானே வருகிறது? வாசலில் குறுக்கே தொடை உயரத்துக்கு ஒரு சுவர் வைத்துவிட்டால்?

"சுவர் வைக்கலாம்," என்றார் கொத்தனார். இழுத்தாற்போல் சொன்னார். "அக்கா எப்படித் தாண்டுவாங்க?"

"மழைக்காலம் முடியற வரைக்கும்தானே. அப்புறம் இடிச்சுக்கலாம்."

"மழைக்காலம்னு ஒண்ணு இருக்கா இப்போ? வெயில் மாசத்துலே கொட்டுது, மழை மாசத்துலே மண்டையைப் பிளக்குது."

ஆனாலும் கட்டினார்கள். ஒரே நாளில் முடிந்த வேலை. செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, டிரைவரே கூடமாட நின்று கலவை எடுத்துக் கொடுத்தார். மாலையில் அதன்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டிப் பார்த்தார். இடது கால் வர யோசித்தது. கையால் பிடித்துத் தூக்கி வைத்துக்கொண்டார். தாண்டியாயிற்று.

அதுவரை தையலக்கா சாயங்காலங்களில் வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற சிமெண்டுச் சரிவில் இரும்புச் சட்டத்தைத் தள்ளித் தள்ளி மேலே போய், மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளின் சட்டையைத் திருப்பி, தையலைப் பார்த்து, "யார்டா தைச்சது இதை? ரெண்டாவது துவைப்புக்கே வாயைப் பிளக்கும்" என்பாள். போகிற வருகிற பெண்கள் நின்று பேசுவார்கள். தெருவின் நல்லது கெட்டது பூராவும் அந்த ஒரு மணி நேரத்தில் அவளிடம் வந்து சேரும்.

சுவர் கட்டிய மறுநாள் மாலை அவள் வழக்கம்போலச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தாள். சுவருக்கு முன்னால் நின்றாள். அதைத் தொட்டுப் பார்த்தாள். பூச்சு இன்னும் ஈரக் குளிர்ச்சியாக இருந்தது.

"நல்லா வழவழன்னு பூசியிருக்காரு," என்றாள்.

"தண்ணி ஒரு சொட்டு வராது, பாரேன்," என்றார் டிரைவர்.

அவள் சட்டத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் வாசல்வரைக்கும் வரவில்லை. பேசிக்கொண்டிருந்த பெண்கள் சில நாள் ஜன்னலில் குனிந்து விசாரித்தார்கள். குனிந்து பேசுவது யாருக்கும் சுலபமில்லை. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மரத்தடிச் சேரை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கோடை ஒரு மாதிரியான கோடை. நடுப்பகலில் தார் இளகிச் செருப்பு ஒட்டியது. கூரையின் சூடு இரவானாலும் இறங்காது; விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசும். டிரைவர் தரையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணி விரித்துப் படுப்பார். டி.வி.யில் கடல் சூடேறுவதைப் பற்றி, பனி உருகுவதைப் பற்றி ஒரு பெண் படம் போட்டுக் காட்டினாள். அடுத்த நிகழ்ச்சியில் இரண்டு கட்சிக்காரர்கள் அதற்கு யார் காரணம் என்று அடித்துக்கொள்ளாத குறை. தையலக்கா ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை டிரைவர் கவனித்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம், ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கையில் வானம் கருத்துக் கொட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ரோடு தெரியவில்லை. சரிவில் தண்ணீர் இறங்கிவந்து சுவரில் முட்டியது. ஏறியது. டிரைவர் சேரை இழுத்துப்போட்டுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் காய்ந்த தரை. ஒரு சொட்டு வரவில்லை.

"பார்த்தியா?" என்றார் திரும்பாமல். "எவன் தயவும் வேண்டாம்."

"என்னங்க, பாத்ரூம்லே என்னமோ சத்தம் கேக்குது."

டிரைவர் எழுந்து போய்ப் பார்த்தார். குளியலறைச் சாக்கடைக் குழி கொப்பளித்துக்கொண்டிருந்தது. கக்கூஸ் பீங்கான் விளிம்புவரை நிறைந்து, அவர் பார்க்கப் பார்க்க வழிந்தது. தெருச் சாக்கடை நிரம்பி, போக வழியில்லாமல், வந்த வழியே வீட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. கருப்புத் தண்ணீர், நாற்றம். பழைய துணியை உருட்டி அடைத்தார். துணி மிதந்து வந்தது. அரிசி மூட்டையைத் தூக்கிவந்து குழிமேல் வைத்தார். அதைச் சுற்றிக்கொண்டு வந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அறைக்கு வந்தபோது கணுக்காலைத் தாண்டியிருந்தது. வாசலில் அவர் கட்டிய சுவர் வெளித்தண்ணீரை உள்ளே விடவில்லை. உள்தண்ணீரை வெளியேயும் விடவில்லை. வெளி மட்டம் வரைக்கும் ஏறாமல் உள்ளே அது நிற்கப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

தையலக்கா கட்டிலில் காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தாள். மெத்தையின் அடிப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது.

"என் கழுத்தைக் கட்டிக்கோ."

அவள் கட்டிக்கொண்டாள். அவர் இரண்டு கைகளையும் அவளுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினார். கல்யாணமான புதிதில் ஒருநாள் விளையாட்டாக அவளைத் தூக்கியிருக்கிறார். இப்போது அவள் பாதியாக இளைத்திருந்தாள். அப்படியும் முடியவில்லை. இடது முழங்கால் ஒரு சொடக்குப் போட்டு விட்டுக்கொடுத்தது. அவளைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுத் தண்ணீரில் மண்டியிட்டு விழுந்தார். எழக் கட்டில் காலைப் பிடித்தார். அது வழுக்கியது.

"தம்பியைக் கூப்பிடுங்க."

அவர் மறுபடி தூக்க முயன்றார்.

"கூப்பிடுங்கன்னா!"

"இரு. நான் தூக்கறேன்."

"நீங்க என்னைத் தூக்கறதுக்குள்ளே நான் மிதந்துடுவேன்," என்றாள் தையலக்கா. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்தக் கூன் முதுகுக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. "தம்பீ! டேய் தம்பீ!"

செயலாளர் கட்சிக் குடையோடு வந்தார். ரோட்டில் இறங்கியதும் குடை மடங்கித் திரும்பிக்கொண்டது. அதை வீசிவிட்டு முழங்கால் தண்ணீரில் சரிவில் இறங்கிச் சுவருக்கு வெளியே நின்றார். அவருக்கும் இதய அடைப்புக்கு நெஞ்சில் குழாய் வைத்திருக்கிறது. படியேறினாலே கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிற ஆள். சுவரைப் பார்த்தார். அதை யார் எதற்குக் கட்டினார்கள் என்று கேட்கவில்லை. தாண்டி உள்ளே வந்தார்.

ஆளுக்கொரு பக்கமாக அவளைப் பிடித்தார்கள். அறையிலிருந்து வாசல் வருவதற்குள் இருவருக்கும் நாக்குத் தள்ளியது.

"பார்த்து மாமா. மெதுவா. தடுமாறுது உங்களுக்கு."

"தடுமாறத்தானே செய்யும். குடிச்சிருக்கேன்ல."

"இப்பவா மாமா அந்தப் பேச்சு?"

"பின்னே எப்போ பேசறது? நீதான் மைக்கைக் கையிலே வெச்சிருந்தியே."

"அன்னிக்கு என் பின்னாடி யார் நின்னுக்கிட்டு இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"யார் நின்னாலும் சொல்லலாமா? என்னைப் பார்த்துச் சொல்லலாமாடா அதை?"

"என்னைக் கீழே போட்டுட்டு ரெண்டு பேரும் கட்டிப் புரளுங்க," என்றாள் தையலக்கா. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. "இல்லே, தூக்கிட்டு அப்புறமா புரளுங்க. எது முதல்லேன்னு முடிவு பண்ணுங்க."

அவளைச் சுவர்மேல் உட்காரவைத்தார்கள். செயலாளர் வெளியே இறங்கி அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். டிரைவர் உள்ளேயிருந்து கால்களைத் தூக்கித் தள்ளினார். பூசாமல் விட்டிருந்த வெளி விளிம்பின் செங்கல் முனை அவளுடைய இரண்டு கெண்டைக்காலையும் நீளமாகக் கிழித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சாக்கடைத் தண்ணீரில் ரத்தம் கலந்து போவதை டிரைவர் பார்த்தார். ரோட்டைக் கடந்து, எதிர்வீட்டு மாடிப்படியில் அவளைத் திருப்பி உட்காரவைத்தபோது இரண்டு ஆண்களுக்கும் அதற்குமேல் தெம்பில்லை. தையலக்காவே கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகத் தன்னை மேலே இழுத்துக்கொண்டு போனாள். கீழ்ப்படியில் செயலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டும், டிரைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டும் அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கால் புண் சீழ் வைத்துக் காய்ச்சலில் இழுத்துக்கொண்டு போனது. சர்க்கரை உடம்பு. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் தாழ்வாரத்தில் கிடந்தாள். அந்தத் தாழ்வாரம் முழுக்க அதே மழையில் மாட்டியவர்கள்தான். மகள் வந்து பார்த்து அழுதுவிட்டு, அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பிப் போனாள். காலை எடுக்கவேண்டி வரலாம் என்றார் டாக்டர். எடுக்கவில்லை. ஆனால் பழைய நடையும் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேரே தம்பி வீட்டு மாடிக்குத்தான் கொண்டுவந்தார்கள். டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் தன் பாயையும் அங்கே கொண்டுவந்து போட்டார்.

செயலாளரின் கீழ்த்தளமும் தண்ணீர் வாங்குகிற தளம்தான். அதில் கட்சியின் நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்தார்.

"கீழே இருக்கறதைத் தண்ணிக்கே விட்டுட்டேன் மாமா. அதோட சண்டை போட நமக்குத் தெம்பு இல்லே."

"நீ போட்ட ரோடுதானே மாப்ளே."

"நான் போட்டதா? நான் கேட்டேன், அவங்க போட்டாங்க. சுரண்டிப் போடுங்கன்னு நானும்தான் சொன்னேன். சரி சரின்னாங்க. இப்ப புதுசா ஒரு பையனைச் செயலாளராப் போட்டிருக்காங்க. கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடறதே இல்லே. நாற்காலியை மட்டும் வந்து எடுத்துட்டுப் போறாங்க."

"மழைக்கு என்ன சொல்றாங்க உங்க ஆளுங்க?"

"அது உலகப் பிரச்சினையாம். உலக நாடுகள் எல்லாம் உட்கார்ந்து பேசணுமாம்."

"உலகப் பிரச்சினை எதுக்குடா என் வீட்டுக் கக்கூஸ் வழியா வருது?"

செயலாளர் சிரித்தார். டிரைவரும் சிரித்தார். குடித்தார் என்று சொன்னதற்கு செயலாளர் வருத்தம் தெரிவிக்கவுமில்லை, டிரைவர் அதற்குமேல் கேட்கவுமில்லை. இரவுக் கஞ்சியை ஒருவர் காய்ச்சினால் இன்னொருவர் பாத்திரம் கழுவினார்.

இதற்கிடையில் டிரைவர் தரையைத் தூக்கும் வேலையை ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் கொத்தனார் கடப்பாரையை எடுத்து அந்த வாசல் சுவரைத்தான் உடைத்தார். உடைந்த செங்கல், பழைய காரை, இடிபாட்டு மண் எல்லாம் உள்ளே கொட்டப்பட்டன. சாக்கடைக் குழாய்க்குத் தண்ணீர் திரும்பாதபடி மூடி போட்டார்கள். அறைக்குள் மண் ஏற ஏற ஜன்னல் கீழே இறங்கிக்கொண்டு வந்தது. சாமான் வைக்கிற பரண் தோளுக்கு வந்தது. மண்ணை நனைத்து இடித்துக் கெட்டிப்படுத்தி மேலே சிமெண்டு போட்டு முடித்தபோது டிரைவர் தன் வீட்டுக்குள் கையை உயர்த்திக் கூரையைத் தொட்டார். விரலில் துருப்பொடி ஒட்டியது. வாசலில் மட்டும் நன்றாகக் குனியவேண்டும். குனியப் பழகுவதற்குள் நெற்றி பலமுறை நிலையில் மோதி வீங்கியது. ஆனால் ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இப்போது கிட்டத்தட்ட ஒரே மட்டம், தரை மட்டும் நாலு விரற்கடை உயரம். படியும் இல்லை, சரிவும் இல்லை. சட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவள் நேராக உள்ளே போய்விடலாம். அதை நினைத்துத்தான் அவர் வெயிலில் கூடவே நின்றிருந்தார்.

வெள்ளையடித்து முடித்து, சுவர் விசிறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிய நாளில், வாசல் ஓரம் புதுச் சுண்ணாம்பின்மேல் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரிலும் இருந்தது, அதற்கடுத்த வீட்டிலும். தெரு முனையில் முக்காலியில் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்க் கேட்டார்.

"என்ன கோடு தம்பி இது?"

"அடுத்த ரோட்டு மட்டம் ஐயா. தேர்தலுக்குள்ளே முடிக்கணும்னு உத்தரவு."

கோடு அவருடைய புதுத் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. டிரைவர் அவர்களைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து, கோட்டின்மேல் அடித்தார். சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு தடவை அடித்தார்.

மறுநாள் காலை சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவிக்கு முன்னால் வந்து நின்றார். அவள் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குக் கீழே தெரு. தெருவில் போகிற பெண் யாரோ அண்ணாந்து, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"வீடு தயார். போலாம்."

தையலக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நான் வரலை."

"படி இறங்கறது கஷ்டமா இருக்கா? ஏறின மாதிரியே உட்கார்ந்து..."

"இறங்கறது ஒண்ணும் கஷ்டமில்லே. நான் வரலை. இங்கேயே இருக்கேன்."

"உனக்காகத்தானே பண்ணினேன். நேரா உள்ளே போகலாம் இப்போ. ஒரு படி கிடையாது."

"அந்தச் சுவரையும் எனக்காகத்தான் கட்டினீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பொத்தானை எடுத்துத் துணியில் வைத்து இடம் பார்த்தாள். "அதைக் கட்டும்போது நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் கொத்தனாரும் கல் அடுக்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இப்பக் கேட்பீங்க, இப்பக் கேட்பீங்கன்னு. இவ எப்படி வெளியே போவான்னு கொத்தனாருக்குத் தோணுச்சு. உங்களுக்குத் தோணலை."

"மழை போனதும் இடிக்கலாம்னு..."

"எனக்கு வெளியே போற காலம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு? அதுலே ஒரு கோடையை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

டிரைவர் சேரில் உட்கார்ந்தார். சமையல் பக்கம் செயலாளர் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்து, சத்தமாக வைத்தார்.

"சரி, தப்புத்தான். இப்பத்தான் சுவர் இல்லையே. வாயேன்."

"சிவப்புக் கோடு போட்டாங்களே, நேத்து. நீங்க கடைக்குப் போயிருந்தப்போ." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்புறம் நீங்க சுண்ணாம்பு அடிச்சதையும் பார்த்தேன்."

டிரைவர் எழுந்து தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் போறேன். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணின வீடு," என்றார். அவள் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "ரத்தக்கொதிப்பு மாத்திரை அலமாரியிலே இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள்.

டிரைவர் அந்த வீட்டில் தனியாக இருந்தார். காலையில் எதிர்வீட்டுக்குப் போய் மனைவியின் கால் புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டு வருவார். தழும்பு கருத்து இறுகியிருந்தது. மதியம் அங்கேயே சாப்பாடு. சாயங்காலம் திரும்பிவந்து வாசலில் குனிந்து நுழைந்து, சுவர் விசிறியைப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். பேச்சுத் துணைக்கு டி.வி. மட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவர் கண் இப்போது தெருவுக்குச் சரியாக இருந்தது. போகிறவர்களின் முகங்கள் தெரிந்தன. பெரும்பாலும் யாரென்று அடையாளம் தெரியாத முகங்கள்.

உண்மையான மழை மாதத்தில் மழை வரவில்லை. அது தப்பி வெகுநாள் கழித்து, ஒரு பிற்பகலில் வந்தது. வெளிச்சம் போய்விட்டதால் டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவைத்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். ரோடு நிறைந்தது. வாசல் விளிம்புவரை தண்ணீர் வந்தது. நிலையை நக்கிக்கொண்டு நின்றது. குளியலறையில் காது கொடுத்துக் கேட்டார். சத்தமில்லை. மழை இன்னும் வலுத்தது. தண்ணீர் ஏறவில்லை. தரை காய்ந்தே இருந்தது. உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

எழுந்து வாசலுக்குக் குனிந்து வந்து நின்றார். எதிர்மாடி ஜன்னலில் அவள் இருந்தாள்.

"உள்ளே வரலை!" என்று கத்தினார்.

அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள்.

"தண்ணி உள்ளே வரலை! ஒரு சொட்டு வரலை!"

அவள் கையை ஆட்டினாள். அந்த மழையில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. சரி என்பது போலவும் இருந்தது, கேட்கவில்லை என்பது போலவும் இருந்தது. மறுபடி கத்திப் பார்த்தார். அவள் மறுபடி ஆட்டினாள். டிரைவர் ரோட்டில் இறங்கினார். தண்ணீருக்குள் பள்ளம் மேடு தெரியாமல் காலால் துழாவித் துழாவி நடந்தார். எதிர்வீட்டு மாடிப்படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நல்ல காலை வைத்து கெட்ட காலை இழுத்து, ஏறிப்போய், சொட்டச் சொட்ட அவளுக்கு முன்னால் நின்றார்.

"உள்ளே வரலை," என்றார். மூச்சு வாங்கியது.

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா? பின்னே எதுக்குக் கையை ஆட்டினே? கேட்கலைன்னுல்ல நினைச்சேன் நான்..."

"வாங்கன்னு ஆட்டினேன்."

மடியில் இருந்த துண்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். செயலாளர் டீ போட அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, மழைக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீடு குட்டையாக நின்றிருந்தது. திறந்த கதவு வழியாக விளக்கு வெளிச்சமும் சிமெண்டுத் தரையும் தெரிந்தன. உள்ளே யாரும் இல்லை.

"கதவைச் சாத்தாம வந்துட்டேன்," என்றார் டிரைவர். "போய்ச் சாத்திட்டு வரட்டுமா?"

"மழை விடட்டும்," என்றாள் தையலக்கா.

மழை விடுவதாக இல்லை.